கல்கத்தாவில் ஐந்துக்கு இரண்டு
(திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு டெனிஸ் ஆட்டம் உலகின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதற்கு அதில் என்ன இருக்க வேண்டும்? இதுதான் இன்று எனக்குத் தந்த தலைப்பு. திருகோணமலை உதைபந்தாட்ட ஊர். மக்கெய்சர் அரங்கில் நல்லதொரு ஆட்டம் என்றால் பாதி ஊர் அங்கே போய் நிற்கும். டெனிஸை நாங்கள் நெடுங்காலம் கடற்படைத் தளத்து வேலிக்கு அப்பால் அதிகாரிகள் ஆடும் ஆட்டம் என்றே நினைத்திருந்தோம். 1957இல் பிரித்தானியர் துறைமுகத்தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் அந்த நினைப்பு உடனே கலையவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இத்தனை பேர் இந்தத் தலைப்பைக் கேட்க வந்திருக்கிறீர்கள். எனக்கு நிறைந்த மகிழ்ச்சி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் நிற்கும் இருவரில் ஒவ்வொருவரும் மற்றவரை, அவர் தானாக ஒருபோதும் எட்டாத ஓர் உயரத்துக்குத் துரத்திக்கொண்டு போக வேண்டும். அதேவேளை, கடைசிப் புள்ளி விழும்வரை முடிவு திறந்தே கிடக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆட்டத்தில் கூடிவருவது அபூர்வம். கூடிவந்த ஓர் ஆட்டத்தை, அதுவும் தென்காசிக் குடும்பத்துத் தமிழர் ஒருவர் ஆடிய ஆட்டத்தை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் டெனிஸின் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது.

உதைபந்தாட்டத்தில் இரண்டு கோல் முன்னால் நிற்கிற அணி என்ன செய்யும்? பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும். விசில் ஊதினால் வெற்றி. கிரிக்கெட்டில் மழை வந்து தோல்வியிலிருந்து காப்பாற்றிய அணிகள் எத்தனையோ. டெனிஸில் அந்த வழியே கிடையாது. நேரம் உங்களுக்காக எதையும் முடித்துத் தராது. கடைசிப் புள்ளியை நீங்களேதான் எடுக்க வேண்டும். அதை எடுக்கும்வரை எதிரி உயிரோடு இருக்கிறார். எடுத்த புள்ளிகளைச் சேமித்து வைக்கவும் முடியாது. ஒரு கேம் முடிந்தால் அதற்குள் எடுத்த புள்ளிகள் அத்தோடு போயிற்று. 6-0 என்று எடுத்த செட்டும் ஒரு செட். 7-6 என்று எடுத்த செட்டும் ஒரு செட்.

இதனால் விசித்திரமான முடிவுகள் வரும். 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. கிண்ணம் ஜோகோவிச்சுக்குப் போனது. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று தன் கையில் சேர்வோடு நின்ற பெடரருக்குப் பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டது, இரண்டு வாய்ப்புகள் இருந்தன, இரண்டும் போயின. 2025 பாரிஸ் இறுதியில் சின்னர் 193 புள்ளி, அல்கராஸ் 192. வென்றவர் அல்கராஸ், அதுவும் எதிரியின் மூன்று பட்டப் புள்ளிகளைத் தாண்டி, ஐந்து மணி 29 நிமிடம் ஆடி. சிலருக்கு இது அநியாயமாகத் தோன்றும். எனக்கு இதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. எந்தப் புள்ளியில் துணிவு வேண்டுமோ அந்தப் புள்ளியில் துணிவு இருந்ததா என்று மட்டுமே இந்தக் கணக்கு கேட்கிறது.

அப்படியானால் நீண்ட ஆட்டமெல்லாம் சிறந்த ஆட்டமா? பிள்ளைகள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் மூன்று நாட்களில் பதினொரு மணி ஐந்து நிமிடம் ஆடினார்கள். கடைசி செட் 70-68. மின்பலகை 47-47 என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே எண்ணுவதற்கு அது செய்யப்படவில்லை. அந்த இருவரின் மன உறுதியையும் நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஆனாலும் மிகச் சிறந்த ஆட்டங்களோடு அதைச் சேர்க்கமாட்டேன். 183 கேம்களில் எதிரியின் சேர்வை முறித்தது, அதாவது எதிரி சேர்வ் போட்ட கேமை எடுத்தது, மூன்றே தடவை. ஒருவர் சேர்வ் அடிப்பார், மற்றவரால் தொட முடியாது. பிறகு மற்றவர் அடிப்பார், இவரால் தொட முடியாது. முதல் மணியில் ஆடிய ஆட்டமும் பத்தாவது மணியில் ஆடிய ஆட்டமும் ஒன்றுதான். ஒருவர் மற்றவரை மாற்றவே இல்லை.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம்.

1966ஆம் ஆண்டின் கடைசி. சவுத் கிளப்பின் புல்தரை. நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணத்தின் இறுதிக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் போட்டியில் இந்தியாவும் பிரேசிலும் இரண்டுக்கு இரண்டு. அதற்கு முந்திய சுற்றில் அமெரிக்காவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தது பிரேசில். மிச்சம் ஓர் ஆட்டம். இந்தப் பக்கம் ராமநாதன் கிருஷ்ணன், வயது 29. அந்தப் பக்கம் தோமாஸ் கொக், வயது 21, இடதுகைக்காரர்.

எங்கள் தலைமுறை இந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, படித்தது. கொழும்புப் பத்திரிகை இரவு ரயிலில் வந்து சேரும். விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் ஒரு வரி இருக்கும்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. அவ்வளவுதான். படம் இல்லை, விவரம் இல்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் மனதுக்குள் ஆடிப்பார்க்கப் பழகினோம். இன்று உங்களுக்கு எல்லாமே கைபேசித் திரையில் கிடைக்கிறது, நல்லது. ஆனால் இந்த வரியை வாசிக்கவும் பழகுங்கள். இப்போது சேர்ந்து வாசிப்போம்.

முதல் செட் கொக்குக்கு. இரண்டாவது கிருஷ்ணனுக்கு. மூன்றாவது 10-12. டை-பிரேக் என்ற முறை அப்போது கிடையாது. இரண்டு கேம் முன்னால் போகும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் மாறும்போது உட்கார நாற்காலி போடுகிற வழக்கமும் இல்லை. மர றக்கெட், வெள்ளைப் பந்து. அப்படி 22 கேம் ஆடிவிட்டுத் தோற்பது என்றால் கால் மட்டுமல்ல, மனமும் தளர்ந்துபோகும். எதிரே நிற்பவர் எட்டு வயது இளையவர். நான்காவது செட்டில் கொக் 5-2 என்று முன்னால் போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதி ஆட மெல்பேர்னுக்குப் போகிறது.

அந்த நிமிடம்வரை எண்ணிப் பாருங்கள். கொக் 27 கேம், கிருஷ்ணன் 21. அதற்குப் பிறகு ஆடிய 13 கேம்களில் கிருஷ்ணன் எடுத்தவை 11. நான்காவது செட்டில் ஐந்து கேம்கள் வரிசையாக. சேர்வ் மாறி மாறித்தான் வரும். ஆகவே அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு கேம்களில் பந்து கொக்கின் கையில் இருந்தது. அதாவது வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு கொக் சேர்வ் போட்டிருக்கிறார், குறைந்தது ஒரு தடவை. அந்த ஐந்தில் கொக் போட்ட சேர்வை எல்லாம் கிருஷ்ணன் முறித்திருக்கிறார். இதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது.

கிருஷ்ணனை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி இன்னும் கூடுதலாகத் தெரியும். அவர் பலத்தால் ஆடுபவர் அல்லர். தந்தை ராமநாதன்தான் ஆசான். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை எடுத்த முதல் ஆசியர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. அவருடைய சேர்வ் யாரையும் பயமுறுத்தாது. பந்து தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே றக்கெட்டை வைத்து, எதிரியின் வேகத்தையே வாங்கி, அவர் இல்லாத இடத்துக்குத் திருப்பிவிடுவார். அப்படியான மெல்லிய கைநுட்பம் முதலில் உடையும் இடம் களைப்பும் பயமும்தான். பலசாலி களைத்தாலும் ஓங்கி அடிக்கலாம். நுட்பக்காரருக்குக் கை கொஞ்சம் நடுங்கினால் பந்து வலையில். 5-2இல் பின்னால் நின்று, 48 கேம்களுக்குப் பிறகு, அந்தக் கை நடுங்கவில்லை.

கொக்கின் இடது கையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆடுகிற பிள்ளைகள் கவனியுங்கள். டெனிஸில் 30-40, அட்வாண்டேஜ் என்று கேமைத் தீர்மானிக்கிற புள்ளிகளில் பெரும்பாலானவை களத்தின் ஒரே பக்கத்திலிருந்து, சேர்வ் போடுபவரின் இடப்பக்கத்திலிருந்து, ஆடப்படுகின்றன. அங்கிருந்து இடதுகைக்காரர் வெட்டிப் போடும் சேர்வ் வளைந்து வெளியே ஓடும். வலதுகைக்காரர் தன் பின்கைப் பக்கத்தில் களத்துக்கு வெளியே போய் அதை எடுக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் மறுபக்கம் முழுவதும் காலி. ஆகவே கிருஷ்ணனுக்கு மிக அவசியமான புள்ளிகளில்தான் கொக்கின் மிகச் சிறந்த ஆயுதம் வந்து விழுந்துகொண்டிருந்தது. எளிதான எதிரி ஒருவர் கிருஷ்ணனிடமிருந்து அந்தக் கடைசி 11 கேம்களின் ஆட்டத்தை வெளிக்கொண்டு வந்திருக்க முடியாது.

பெரிய ஆட்டங்கள் என்று உலகம் கொண்டாடுகிறவற்றை இந்தக் கண்ணால் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 1980 விம்பிள்டன் இறுதி: போர்க் வலதுகை, மெக்கன்ரோ இடதுகை, நான்காவது செட்டின் டை-பிரேக் 18-16 வரை போனது. 1985 பாரிஸ் இறுதி: கிறிஸ் எவர்ட் பின்கோட்டில் நின்று ஆடும் வலதுகைக்காரி, மார்ட்டினா நவ்ரத்திலோவா வலைக்கு ஓடிவரும் இடதுகைக்காரி. 6-3, 6-7, 7-5 என்று எவர்ட் வென்றார். மூன்றே செட். ஐந்து செட் ஆடினால்தான் பெரிய ஆட்டம் என்பவர்கள் அதைப் பார்க்கட்டும். அந்த இருவரும் தம் வாழ்நாளில் 80 தடவை மோதினார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்காகவே தம் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியெழுப்பினார்கள். அல்கராஸும் சின்னரும் இருவருமே வலதுகைக்காரர்கள், ஆகவே இதை விதி என்று சொல்லமாட்டேன். இரண்டு வேறுபட்ட ஆட்டங்கள் மோதும்போது ஒருவரின் பலம் மற்றவரின் பலவீனத்தைத் தேடிப் போகிறது. அங்கேதான் புதிதாக ஒன்று பிறக்க இடமிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

2008 விம்பிள்டன் இறுதியைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நடாலின் இடதுகை முன்னடி சுழன்று உயர எழும்பி, பெடரரின் ஒற்றைக் கைப் பின்னடிக்குத் தோளுயரத்தில் போய்ச் சேரும். பெடரருக்குப் பிடிக்காத உயரம் அது. நடால் அன்று முழுக்க அந்த இடத்துக்கே அடித்தார். முதல் இரண்டு செட்டும் நடாலுக்கு. மூன்றாவது பெடரருக்கு. நான்காவதில் டை-பிரேக், 5-2 என்று நடால் முன்னால். இங்கேயும் அதே ஐந்துக்கு இரண்டு! அந்த இடத்தில் நடாலின் கை இறுகியது, இரட்டைத் தவறு. பிறகு 7-7. பெடரர் வலைக்கு வந்தார். நடால் ஓடிக்கொண்டே கோட்டோரமாக முன்னடியால் அவரைக் கடந்து அடித்தார். 8-7, பட்டப் புள்ளி. அடுத்த பந்தில் நடால் வலைக்கு வந்தார். பெடரர் பின்னடியால் கோட்டோரமாக அவரைக் கடந்து அடித்தார். மூன்றரை மணி நேரமாக எந்தப் பின்னடியை நடால் உடைத்துக்கொண்டிருந்தாரோ அதே பின்னடி. அந்தச் செட் பெடரருக்குப் போயிற்று. மழையால் இடையிடையே நின்று, வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, ஐந்தாவதை 9-7 என்று நடால் எடுத்தார். அந்த அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்காகவே நான் அந்த ஆட்டத்தை முதல் வரிசையில் வைக்கிறேன். ஒருவர் செய்த அற்புதத்துக்கு மற்றவர் அடுத்த பந்திலேயே பதில் சொன்னார்.

மிகச் சிறப்பாக ஆடுவதும் மிகச் சிறந்த ஆட்டமும் ஒன்றல்ல. 1961 விம்பிள்டன் காலிறுதியில் கிருஷ்ணன் ரோய் எமர்சனை நேர் செட்டுகளில் வென்றார். எமர்சன் பின்னாளில் இரண்டு தடவை விம்பிள்டன் எடுத்தவர். கிருஷ்ணன் தன் வாழ்நாளில் அதைவிட அழகாக ஆடியிருப்பாரா என்பது சந்தேகம். 1987இல் அவர் மகன் ரமேஷ் சிட்னியில் வோலி மசூரை நேர் செட்டுகளில் சாய்த்து, அவுஸ்திரேலியாவை அதன் சொந்தப் புல்லிலேயே வீழ்த்தி, இந்தியாவை டேவிஸ் கிண்ண இறுதிக்குக் கொண்டுபோனார். எவ்வளவு பெரிய வெற்றிகள்! ஆனாலும் எதிரி பதில் சொல்ல முடியாமல் போன ஆட்டங்கள் அவை. அவற்றை நான் தனி ஓவியங்கள் என்பேன். கல்கத்தா ஆட்டத்தை இருவர் சேர்ந்து வரைந்தார்கள்.

கிருஷ்ணன் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லரே, தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஆட்டங்களோடு அவருடைய ஆட்டத்தை எப்படிச் சேர்க்கலாம் என்று ஒரு கேள்வி எழும். சரியான கேள்வி. 1968 வரை பணத்துக்கு ஆடுபவர்களுக்கு விம்பிள்டன் பட்டத்துக்கு ஆட இடமில்லை, டேவிஸ் கிண்ணத்தில் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இடமில்லை. 1959இல் ஜாக் கிரேமர் தம் தொழில்முறைக் குழுவில் சேர மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றரை இலட்சம் டொலர் தருவதாகக் கிருஷ்ணனை அழைத்தார். அந்தக் காலத்து ஒன்றரை இலட்சம் டொலர்! கிருஷ்ணன் மறுத்துவிட்டார், போயிருந்தால் இந்தியாவுக்காக ஆட முடிந்திருக்காது. ஆகவே கல்கத்தாவில் 5-2 என்று பின்னால் நின்ற அந்த மனிதர், அங்கே நிற்பதற்காகவே ஒரு செல்வத்தை விட்டுவிட்டு வந்தவர். திறமையில் அவர் எந்தத் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் குறைந்தவர் அல்லர். கிரேமர் பணத்தை நீட்டியதே அதற்குச் சாட்சி. என் பட்டியலில் அவருக்கு இடம் தர அது போதும்.

பணம் வந்த பிறகு நம்மவர் ஆடிய ஆட்டங்களில் விஜய் அமிர்தராஜுடையவை இரண்டைச் சொல்கிறேன். 1979 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் போர்க்குக்கு எதிராக இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்து, நான்காவதிலும் அவர் சேர்வை முறித்து முன்னால் போனார். தோற்றார். போர்க் அந்த ஆண்டும் பட்டத்தை எடுத்தார், தொடர்ந்து நான்காவது முறையாக. 1987இல் டெல்லியில் ஆர்ஜென்டினாவின் மார்ட்டின் ஜைட்டேக்கு எதிராக இரண்டு செட் பின்னால் இருந்து, மேட்ச் பாயிண்டையும் தாண்டி விஜய் வென்றார். அப்போது அவருக்கு வயது 33. முதலாவதில் அவர் ஆடிய டெனிஸ் உயர்ந்தது; இரண்டாவதில் அவர் காட்டிய நெஞ்சுரம் உயர்ந்தது. எதை மேலே வைப்பது என்று கேட்டால் டெல்லியைத்தான் வைப்பேன்.

1974ஐப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. அதே கல்கத்தா, இந்தியாவும் அவுஸ்திரேலியாவும். இரட்டையர் ஆட்டத்தில் ஆனந்த் அமிர்தராஜும் விஜயும் அலெக்ஸாண்டர்–டிப்ளி சோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றார்கள். 99 கேம்! போட்டி முழுவதிலும் 327 கேம்கள். டேவிஸ் கிண்ண வரலாற்றில் அதுவே அதிகம். அப்படி வியர்வை சிந்தி இறுதிக்குப் போன அணிக்கு எதிரே வந்தது நிறவெறி அரசின் தென்னாபிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குப் போனது. அந்த ஆட்டக்காரர்களுக்கு அப்படியொரு வாய்ப்பு அதற்கு முன் வந்ததுமில்லை. விஜய் அடுத்த இறுதியை எட்டப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. ஆடிய ஆட்டங்களைப் பட்டியலிடும் இந்தப் பேச்சில் ஆடாத ஆட்டத்துக்கு இடமில்லைதான். இருந்தாலும் 99 கேம் ஆடிய கால்களோடு அதை விட்டுக்கொடுத்தவர்களை நான் பெரியவர்களாகவே நினைக்கிறேன்.

மறுபடி 1966. கல்கத்தாவிலிருந்து கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் மெல்பேர்னுக்குப் போனார்கள். இறுதியில் அவுஸ்திரேலியா 4-1. அந்த ஒன்றை எடுத்தது கிருஷ்ணனும் முகர்ஜியாவும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டம். தோற்றவர்கள் நியூகோம்பும் ரோச்சும், உலகின் தலைசிறந்த சோடிகளில் ஒன்று. கொக் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிரேசிலுக்காக ஆடினார். 1975இல் பாரிஸில் கலப்பு இரட்டையர் பட்டமும் எடுத்தார். கல்கத்தாவில் அவர் 29 கேம் எடுத்தார், கிருஷ்ணன் 32. அந்த 29 இல்லாவிட்டால் இந்த 32ஐப் பற்றி இன்று நான் உங்கள் முன் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிள்ளைகளிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். இன்றிரவு 2008 இறுதியின் நான்காவது செட் டை-பிரேக்கை எடுத்துப் பாருங்கள். வர்ணனையின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். முதல் தடவை நடாலை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை பெடரரை மட்டும். 5-2க்குப் பிறகு ஒவ்வொருவரும் எங்கே நின்று சேர்வை எடுக்கிறார், எந்தப் பக்கம் அடிக்கிறார், எப்போது மனதை மாற்றுகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது அந்தக் கொப்பிகளைக் கொண்டுவாருங்கள்; நான் எழுதியதையும் கொண்டுவருகிறேன். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.